கண்ணாடி பூட்டிய துவக்கு

மொன்றியல்
06.05.2007

அன்புள்ள பேனாட் அத்தானுக்கு,

மாதாவின் காவலில் இங்கு நாங்கள் குறைவில்லாமல் இருக்கிறோம். உங்கள் சுகமும், அக்னெஸ் அக்காவின் சுகமும், அவவின் பிரஷரின் சுகமும் அறிய விருப்பம்.

கடிதத்தைக் கண்டதும் யார் செத்தது என்று பயந்திருப்பீர்கள். ஒருவரும் சாகவில்லை. எங்கள் வீட்டுத் தொலைபேசி குசினிச் சுவரில் இருக்கிறது. அதற்குக் கீழே மனிசி செலீன் அடுப்போடு நிற்கிறா. துவக்கு என்ற சொல் அவவின் காதில் விழக்கூடாது. அதனால்தான் எழுத்து.

ஓம் அத்தான், விஷயம் துவக்குத்தான்.

மகள் ஜென்சிக்குப் பேசி முடித்த கதை அக்கா சொல்லியிருப்பா. பேசி முடித்தது நாங்கள் இல்லை, அவர்களேதான். பெடியன் மத்தியூ, இந்த ஊர்ப் பிரெஞ்சுக்காரன். சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் விவசாயம் படித்தவன். குறை சொல்ல ஒன்றுமில்லை. பூசைக்கு வருகிறான், இடியப்பத்தைக் கையால் பிசைந்து தின்கிறான். அடுத்த வருஷம் மே மாதம் கல்யாணம். தகப்பன் றெஜானுக்கு மொன்-லோறியே பக்கக் காட்டுக்குள் ஒரு மரவீடு இருக்கிறது. ஒவ்வொரு நவம்பரும் தன் சகோதரங்களோடு மான் வேட்டைக்குப் போவாராம். இந்த வருஷம் என்னையும் வரச் சொல்லியிருக்கிறார்.

"முந்தித் துவக்கு பிடிச்சிருக்கிறீங்களோ?" என்று ஜென்சியைக் கொண்டு கேட்டார். நான் ஓம் என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. தன்னிடம் மேலதிகமாக ஒன்று இருக்கிறது, தாறேன் என்றார். சம்பந்தி வீட்டுக்கு வெறுங்கையோடு போய், இரவல் துவக்கு வாங்கி, அவர் காட்டின மானைச் சுடுவதோ? எங்கள் பக்கத்துக்கு அது மரியாதை இல்லை. சொந்தமாக ஒன்று வாங்கிக்கொண்டு போகத்தான் நினைக்கிறேன்.

நீட்டுத் துவக்கு எனக்குச் சரிவராது. வலது தோளில் ஒரு பிடிப்பு. நீங்கள் பென்சில்வேனியாக் காட்டில் ஒன்பது வருஷமாகக் கைத்துவக்கோடு மானுக்குப் போகிற மனிசன். கலிபர் என்கிற அந்தக் குழல் அளவு எதில் வாங்கலாம்? ஸ்கோப் என்கிற அந்தக் கண்ணாடி கட்டாயம் வேண்டுமோ, இல்லாமல் சுடலாமோ? இதை மட்டும் விவரமாக எழுதுங்கள்.

பதிலை என் வேலைத்தல விலாசத்துக்கு அனுப்புங்கள். துறைமுகப் பண்டகசாலையில் என் பெயரில் வருவதை ஒருவரும் உடைக்கமாட்டார்கள்.

அக்காவுக்கு என் அன்பைச் சொல்லவும்.

மைத்துனன்
அருமைராசா

*

ஸ்க்ரான்டன்
24.05.2007

மச்சான் அருமைராசா அறிவது,

உமது கடிதம் கண்டு மகிழ்ந்தோம். நான் நல்ல சுகம். அக்னெஸின் பிரஷர் என்னைக் கண்டால் ஏறும், மற்றபடி சுகம். செலீன், ஜென்சி சுகமாக இருக்கக் கர்த்தரை மன்றாடுகிறோம்.

இத்தனை வருஷத்தில் எங்கள் குடும்பத்தில் ஒருவராவது அறிவான கேள்வி கேட்டிருக்கிறீர். கேளும்.

கடைக்காரன் முதலில் .357 என்று ஒன்றைக் காட்டுவான். வாங்காதேயும். அது மானுக்குக் கிட்டத்தில் மட்டும்தான் சரி. கொஞ்சம் தள்ளி நின்றால் மான் காயத்தோடு ஓடிவிடும். உமக்கு .44 மாக்னம்தான். நூறு யார் தூரம் வரைக்கும் நம்பலாம். ஆனால் வெடித்ததும் உமது மணிக்கட்டு மாதாவே என்று கத்தும். பாரமான, நீளக் குழல் ரிவோல்வராகப் பாரும், பாரம் கூடினால் உதைப்புக் குறையும்.

இனி ஸ்கோப். இதில்தான் மூளையுள்ளவனும் பிழைவிடுவான். நீட்டுத் துவக்கின் ஸ்கோப்புக்குக் கண்ணை நாலு விரல் கிட்டத்தில் வைக்க வேண்டும். கைத்துவக்கைக் கை நீட்டிப் பிடிப்பதால் அதற்குத் தனி ஸ்கோப் இருக்கிறது, தூரக் கண்ணுக்கென்று செய்தது. மாறிப் பூட்டினால் கறுப்பு வட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர். இரண்டு மடங்கு பெரிதாக்கினால் போதும். கூடக் கூடக் கை நடுக்கமும் பெரிதாகத் தெரியும்.

இல்லாமல் சுடலாமோ என்று கேட்டீர். உமக்கு ஐம்பத்துமூன்று வயது. பூசையில் பாட்டுப் புத்தகத்தை எட்டப் பிடித்துப் படிக்கிற ஆள் நீர். ஸ்கோப் இல்லாமல் நீர் சுட்டால் மான் தப்பும், சம்பந்தி தப்பமாட்டார்.

வேறு சந்தேகம் இருந்தால் எழுதும். சொல்லித் தர நான் இருக்கிறேன்.

அன்பு அத்தான்
பேனாட்

*

மொன்றியல்
17.06.2007

அன்புள்ள அத்தானுக்கு,

நலம், நலமே கேட்கிறேன். அக்காவின் பிரஷருக்குத் தந்த புதுக் குளிசை ஒத்துக்கொள்கிறதோ?

உங்கள் .44 கரை சேரவில்லை. வேலை முடிய இங்கே கிழக்குப் பக்கத்தில் ஒரு வேட்டைச் சாமான் கடைக்குப் போனேன். கைத்துவக்கும் அதற்கு ஸ்கோப்பும் வேண்டும், மானுக்கு என்றேன். கடைக்காரன் கைவேலையை விட்டுவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தான். இந்த நாட்டில் கைத்துவக்கோடு வேட்டைக்குப் போனால் மானுக்கு முன்னம் பொலிஸ் என்னைப் பிடிக்குமாம். "மிஸ்யே, அது எல்லைக்கு அந்தப் பக்கத்துப் பைத்தியம்" என்றான். உங்களைத்தான் சொன்னான்.

ஆகவே நீட்டுத் துவக்குத்தான். .30-30 என்று கட்டையாக ஒன்று காட்டினான். இங்குள்ள கிழவர்மார் கண்ணாடி பூட்டாமலே அதனால் சுடுவார்களாம். எனக்கு அது பிடித்தது. பிறகு .243 என்று ஒன்று, உதைப்புக் குறைவாம். அதில் ஸ்கோப் பூட்டியிருந்தது. தோளில் வைத்துப் பாருங்கோ என்று நீட்டினான். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி வந்துவிட்டேன்.

.30-30 போதுமோ? ஸ்கோப் இல்லாமல்? காட்டுக்குள் மான் கிட்டத்தில்தான் வருமாம். உடனே பதில் போடவும். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இடைவேளையில் மற்றவர்கள் இருந்து தேத்தண்ணீர் குடிக்க, நான் கொள்கலன்களுக்கு நடுவில் மேலும் கீழும் நடக்கிறேன்.

ஊர்ச் செய்திகள் நல்லாயில்லை. நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

அருமைராசா

*

ஸ்க்ரான்டன்
09.07.2007

மச்சான் அருமைராசா அறிவது,

இங்கு எல்லோரும் சுகம். அங்கும் அப்படியே இருக்கட்டும்.

உமது நாட்டுச் சட்டத்தை என்ன சொல்ல. சரி, நீட்டுத் துவக்குக்கு வருவோம். .30-30 நல்ல சாமான்தான், பழகின கண்ணுக்கு. உமக்கு .243 போதும். றெஜான் என்ன வைத்திருக்கிறார்? .308 ஆகத்தான் இருக்கும், அதிலும் பிழையில்லை, கொஞ்சம் உதைக்கும். ஸ்கோப் மூன்றிலிருந்து ஒன்பது மடங்கு வரை திருப்பக்கூடியது வாங்கும். காட்டுக்குள் மூன்றிலேயே வைத்திரும். வெளியில் நிற்கிற மானுக்குத்தான் கூட்ட வேண்டும்.

ஒன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். தோளில் பிடிப்பு என்று எழுதினீர். போன நத்தார்ப் பண்டிகைக்கு நீர் இங்கு வந்தபோது எங்கள் சோபாவைத் தனியாளாக மேல்மாடிக்கு ஏற்றினீரே, அதே தோளோ? கலிபரைப் பற்றி ஒரு வரி கேட்டால், ஸ்கோப் இல்லாமல் முடியாதோ என்று மூன்று வரி கேட்கிறீர். கண்ணாடிக்கும் உமக்கும் என்ன பகை?

பேனாட்

*

மொன்றியல்
19.08.2007

அன்புள்ள அத்தானுக்கு,

நாங்கள் சுகம். நீங்கள் .243 பற்றி எழுதியது பிரயோசனமாக இருந்தது.

இங்கே சொந்தத் துவக்கு வாங்க முதலில் லைசென்ஸ் எடுக்க வேண்டுமாம். லைசென்ஸுக்கு மனிசி கையெழுத்து வைக்க வேண்டுமாம். என்ன நாடு அத்தான் இது! பெண் எடுக்கத் தகப்பனின் சம்மதம் கேட்காதவர்கள், துவக்கு எடுக்க மனிசியின் சம்மதம் கேட்கிறார்கள். செலீனின் தமையனை எப்படிச் சுட்டார்கள் என்று உங்களுக்குத் தெரியும். விளையாட்டுத் துவக்குக்கூட அவ வீட்டுக்குள் விட்டதில்லை. அவவிடம் கையெழுத்துக் கேட்பதிலும் பார்க்க மானிடம் கேட்கலாம்.

புதிதாகப் பழகுபவன், அனுபவமுள்ளவர் பக்கத்தில் இருந்தால், அவருடைய துவக்கால் சுடலாமாம். அந்த அனுமதிக்குத் தான் ஒழுங்கு செய்வதாக றெஜான் சொல்லியிருக்கிறார். கடைசியில் இரவல்தான். அவருடையது .308. ஸ்கோப் பூட்டியது.

அதைக் கழற்றி வைக்கச் சொல்லி ஒருவரிடம் கேட்கலாமோ? மரியாதைக் குறைவாக இருக்குமோ?

அருமைராசா

*

மொன்றியல்
23.09.2007

அன்புள்ள அத்தானுக்கு,

என் முந்தைய கடிதத்துக்குப் பதில் காணவில்லை. சுகமாக இருக்கிறீர்கள்தானே?

றெஜான் சனிக்கிழமை குறி பழகக் கூப்பிட்டார். வேலை என்று சொன்னேன். அதற்கு முந்தின சனிக்கிழமையும் அப்படித்தான் சொன்னேன். நேற்று ஜென்சி ஆஸ்பத்திரி வேலை முடிந்து நேரே வந்து, சப்பாத்தும் கழற்றாமல் நின்று கேட்டாள்:

"அப்பா, உங்களுக்கு மத்தியூவைப் பிடிக்கேல்லையோ?"

"ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லத் தேவையில்லை. அவையள் கூப்பிடேக்கை எல்லாம் உங்களுக்கு வேலை. அந்த மனுசன் உங்களுக்கெண்டு பூட்ஸ் வாங்கி வச்சிருக்கிறார். பிடிக்கேல்லை எண்டா இப்ப சொல்லுங்கோ, கோயிலிலை வந்து மூஞ்சியை நீட்டாதேங்கோ."

ஒரே பிள்ளை அத்தான். அவள் கல்யாணத்தில் எனக்கு விருப்பமில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். இல்லை என்று வாயால் சொன்னேன். நம்பவில்லை. போகாவிட்டால் அவள் நினைத்தது சரியாகிவிடும். போனால்...

விரைவில் எழுதவும்.

அருமைராசா

*

ஸ்க்ரான்டன்
08.10.2007

என் தம்பி அருமைக்கு,

அக்காவின் ஆசீர்வாதம். பிரஷர் இருக்கிறது, நானும் இருக்கிறேன்.

அத்தானின் பதிலுக்குப் பார்த்திராதே. உன் கடைசிக் கடிதத்தை என்னிடம் தந்து, "இது ஸ்கோப் விஷயமில்லை, நீ எழுது" என்றார். எல்லாக் கடிதத்தையும் படித்துச் சிரித்தேன், பேந்து அழுதேன்.

முதலில் சிரிப்பு. இந்த மனிசன் ஒன்பது வருஷமாக மானுக்குப் போகிறார், எங்கள் பிறீசருக்குள் இன்றுவரை மான் இறைச்சி வந்ததில்லை, பக்கத்து வீட்டுக்காரன் தந்ததைத் தவிர. அவர் ஒரு தோட்டாவும் மானுக்குச் செலவழித்ததில்லை. தொழிற்சாலைக் கூட்டாளிகளோடு போய்ச் சூப் குடித்துவிட்டு வருகிறவர். உனக்கு எழுதியதெல்லாம் கடைக்காரன் சொன்னதும் புத்தகத்தில் பார்த்ததும். குரு இப்படி, சீடன் அப்படி.

இனி மற்றது. உன் தோளுக்கு ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும், அருமை. எண்பத்தாறில் ஊரில் ஆமி முகாமுக்கு முன்னால் அந்த வெளியை நாங்கள் நடந்து கடந்தபோது நான் உனக்குப் பின்னால் வந்தேன். கோபுரத்தில் நின்ற ஆமிக்காரன் கண்ணாடி பூட்டிய துவக்கால் எங்களைக் குறி பிடித்தபடியே திரும்பினான். வெயில் அந்தக் கண்ணாடியில் பட்டுப் பட்டு மின்னியது. பிள்ளையோடு வருகிறவர்களைச் சுடமாட்டார்கள் என்று அப்போது எல்லோரும் சொல்வார்கள், எல்லோரும் பிள்ளையை உயர்த்திக் காட்டித்தான் நடந்தார்கள். நீயும் மூன்று வயது ஜென்சியை வலது தோளில் ஏற்றினாய். நீ கோபுரத்தைப் பார்க்கவே இல்லை. நான் பார்த்தேன். செலீன் கண்ணை மூடிக்கொண்டு என் சீலையைப் பிடித்தபடி வந்தாள். வெளியின் மற்றப் பக்கத்துக்குப் போய்ப் பிள்ளையை இறக்கியபின் நீ தின்றதெல்லாம் சத்தி எடுத்தாய். பிறகு நாங்கள் மூவரும் அதைப் பற்றி ஒருநாளும் கதைத்ததில்லை.

போ. ஆனால் செலீனிடம் சொல்லிவிட்டுப் போ. வெறுங்கையோடு போகாதே, அதில் நீ சொன்னது சரி. துவக்கா கொண்டுபோக வேண்டும்? செலீன் சுருட்டிப் பொரிக்கிற ரோல்ஸ் கொண்டு போ.

அன்பு அக்கா
அக்னெஸ்

*

மொன்றியல்
14.11.2007

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

உங்கள் மன்றாட்டால் பத்திரமாகத் திரும்பி வந்தேன். உடம்பு சுகம், குளிரில் பிடித்த தடிமனில் மூக்குத்தான் ஒழுகுகிறது.

செலீனிடம் சொன்னேன். "போங்கோ. ஆனா அந்தச் சாமான் ஒண்டையும் இந்த வீட்டுக்கை கொண்டு வராதேங்கோ" என்றா. பிறகு இரண்டு நாளாக ரோல்ஸ் சுருட்டினா. ஒரு போத்தல் கறித்தூளும் வைத்தா. றெஜானும் அவருடைய இரண்டு சகோதரங்களும் முதல் நாளே ரோல்ஸ் பெட்டியைக் காலி பண்ணினார்கள்.

விடிந்ததும் றெஜானும் நானும் மரத்தில் கட்டின பரணில் ஏறி இருந்தோம். பேசக்கூடாது. பேசவும் எனக்குத் துறைமுகப் பிரெஞ்சு மட்டும்தான், அதில் பாதி தூஷணம். கால் விறைத்தது. வராமல் விடட்டும் என்று மாதாவை மன்றாடிக்கொண்டிருந்தேன். வந்தது. கொம்பு முளைத்த இளம் மான். தேவதாரு மரங்களுக்கு இடையிலிருந்து வெளியில் வந்து நின்றது. றெஜான் துவக்கை என்னிடம் தந்து, தலையை அசைத்தார்.

தோளில் வைத்தேன் அக்கா. கண்ணை வைத்தேன்.

நான் இவ்வளவு காலமும் என்ன நினைத்திருந்தேன் தெரியுமா? தூரத்தில் உள்ளது கொஞ்சம் பெரிதாகத் தெரியும், அவ்வளவுதான் என்று. அப்படியில்லை. மானின் கண்மயிர் தெரிந்தது. மூக்கின் ஈரம் தெரிந்தது. ஒரு காதின் நுனி கிழிந்திருந்தது, அதுவும் தெரிந்தது. எதையோ மென்றுகொண்டு என்னைப் பார்ப்பதுபோல நின்றது.

அன்றைக்கு ஜென்சியின் கையில் ஒரு விசுக்கோத்து இருந்தது. என் தலைமயிரெல்லாம் தூள். அவன் அதைப் பார்த்திருக்கிறான், அக்கா. அவளின் வாயோரத்தில் ஒட்டியிருந்த தூளைக்கூடப் பார்த்திருப்பான். கோபுரத்திலிருப்பவனுக்கு நாங்கள் வெறும் புள்ளிகள், சுட நினைக்கவில்லை, அதனால் தப்பினோம் என்றுதான் இருபத்தொரு வருஷமும் நினைத்திருந்தேன். அவன் என் பிள்ளையை நான் பார்த்ததைவிடக் கிட்டத்தில் பார்த்திருக்கிறான். பார்த்துவிட்டு விட்டிருக்கிறான். அவனுக்கு நன்றி சொல்வதோ, அந்தக் கண்ணைப் பிடுங்குவதோ என்று எனக்குத் தெரியவில்லை.

துவக்கைக் கீழே தாழ்த்தினேன். றெஜான் மெதுவாகத் துவக்கை வாங்கினார். தானாவது சுடுவார் என்று நினைத்தேன். தோட்டாக்களைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுவிட்டு, பிளாஸ்கைத் திறந்து கோப்பி ஊற்றித் தந்தார். எனக்கு வெட்கத்தில் அழுகை வந்தது. தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன். ஜென்சி என்றேன், சின்னவள் என்று கையால் உயரம் காட்டினேன், தோளைத் தட்டினேன், ஆமிக்காரன் என்றேன், அவருடைய ஸ்கோப்பைக் காட்டினேன். விளங்கியதோ என்னவோ. அந்த மனிசன் கொஞ்ச நேரம் ஸ்கோப்பையே பார்த்தார். பிறகு அதன் இரண்டு பக்க மூடியையும் மூடினார். மான் தன்பாட்டில் போய்விட்டது.

பொழுதுபட மரவீட்டுக்குத் திரும்பினோம். சகோதரங்கள் அடுப்படியில் இருந்தார்கள். "என்ன, ஏதாவது வந்ததோ?" என்று கேட்டார்கள். பெண் கொடுக்கிற இடத்தில் கோழை என்ற பெயரோடு இறங்குவது எப்படி?

றெஜான் பூட்ஸைக் கழற்றிக்கொண்டே, "ஒன்றும் வரவில்லை" என்றார். என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை.

அந்தப் பொய்யோடு அவர் எனக்குச் சம்பந்தியானார்.

அருமைராசா

*

ஸ்க்ரான்டன்
25.11.2007

மச்சான் அருமைராசா அறிவது,

தடிமனுக்குக் கொத்தமல்லி அவித்துக் குடியும். நாங்கள் சுகம்.

அக்னெஸ் என் மானத்தைக் கப்பலேற்றிவிட்டா. நான் சுடாதது குளிரில் கை விறைப்பதால். வேறு காரணம் இல்லை. நாளைக்கு இங்கே வேட்டை தொடங்குகிறது. போகிறேன், சூப் நல்ல சூப்.

நீர் ஒன்று எழுதவில்லை. றெஜானுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அந்தத் தோளில் இருந்தவளுக்குத் தெரியுமோ?

பேனாட்

*

மொன்றியல்
16.12.2007

அன்புள்ள அத்தானுக்கும் அக்காவுக்கும்,

பிறக்கப் போகிற பாலன் உங்களுக்குச் சுகம் தரட்டும். செலீன் பலகாரச் சூட்டில் நிற்கிறா, உங்களுக்குப் பார்சல் வரும்.

போன ஞாயிறு பூசை முடிந்து ஜென்சி வந்தாள். நான் குசினி மேசையில் இருந்தேன். "அப்பா, ஒரு மானும் வரேல்லையாமே?" என்றாள், குரலில் இன்னும் ஒரு கோபம்.

"வந்தது" என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். செலீன் அடுப்பைக் குறைத்துவிட்டு நின்று கேட்டா. நான் மறந்த இடங்களை அவ சொன்னா, கண்ணை மூடிக்கொண்டு வந்தவவுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. மத்தியூவைப் பிடிக்காமல் இல்லை, அந்தக் கண்ணாடிதான் பயம் என்றேன். ஜென்சி எழும்பி என் கதிரைக்குப் பின்னால் வந்து நின்றாள். முகம் தெரியவில்லை.

"இந்தத் தோளோ?" என்று வலது பக்கத்தில் கையை வைத்தாள்.

"ஓம்."

"பாரமா இருந்தனானோ?"

இல்லை என்றுதான் சொல்ல வாய் எடுத்தேன். "சரியான பாரம், பிள்ளை" என்றேன்.

கையை எடுக்காமல் நின்றாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, மே மாதம் கோயிலுக்குள் என்னோடு நடந்து வரும்போது தான் அந்தப் பக்கமாகத்தான் வருவேன், பாதிரியார் எந்தப் பக்கம் சொன்னாலும் கேட்கமாட்டேன் என்றாள்.

அத்தான், என் தோளில் ஒரு பிடிப்பும் இல்லை. முதல் கடிதத்தில் எழுதியது பொய். சோபா ஏற்ற வேண்டுமென்றால் சொல்லுங்கள், வருகிறேன்.

உங்கள் அன்பு
அருமைராசா